மெஷின் விட்ட மூலை

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அதன் மூலைக்குப் போய் நின்று பார்க்கிற பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். டவுன் பஸ்ஸில் முன்பக்கம் இடம் காலியாகக் கிடக்கும். இவள் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய், அங்கே இருப்பவர்களிடம், "கண்டக்டர் ஊர் பேரு சொல்றது இங்க கேக்குதாங்க?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவாள். கல்யாண வீட்டில் இலை போட்டால், கடைசி வரிசைக்குப் பாயசம் போய்ச் சேர்ந்ததா என்று எழுந்து நின்று பார்ப்பாள்.

"இவளோட ஒரு கல்யாணத்துக்குப் போக முடியல தம்பி," என்று அவள் அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டது உண்டு. "மாப்ள வீட்டுக்காரன் கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் இவ கேட்டுக்கிட்டு நிக்கிறா. போன மாசம் ஒரு சமையக்காரரு இவள ஏதோ ஆபீசருன்னு நெனச்சிட்டாரு. சாம்பார் வாளிய கீழ வச்சிட்டு வணக்கம் வைக்கிறாரு."

நான் அவளை அறிந்த காலத்தில் அவள் இன்னும் ஆசிரியை ஆகவில்லை. பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு வந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை ட்ரெய்னிங் மிஸ் என்பார்கள். நான் டீச்சர் என்று கூப்பிட்டால், "பாதி டீச்சர்ணே. மீதிப் பாதிய இன்னும் கையில குடுக்கல," என்பாள். நான் ஏழாவதோடு நின்றவன் என்று தெரிந்த அன்று, "அப்ப நீங்க பாதிப் படிப்பு, நான் பாதி டீச்சர். ரெண்டையும் சேத்தா ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம்," என்று சிரித்தாள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைப் பத்தி எதுக்குண்ணே, அந்தக் கடைசி பெஞ்சுப் புள்ளைங்களப் பத்தி எழுதுறதுதானே," என்று போன் வரும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேராவூரணிப் பக்கம் பிறந்தேன். ஏழாவதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தேங்காய் உரிக்கப் போனேன். முதல் மாதம் உள்ளங்கையில் தோல் நிற்கவில்லை. பிறகு நின்றது. லாரியில் க்ளீனராக வடக்கே கொஞ்சம் சுற்றினேன். ஆறு அறுவடைக்கு நெல் அறுக்கும் மெஷின் ஓட்டினேன். சாப்பாடு வரப்பில், படுக்கை வண்டிக்கு அடியில். எந்த வேலையிலும் எனக்குக் கால் ரொம்ப நாள் தரிக்காது. கடைசியில் பள்ளிக்கூடங்களில் ப்ரொஜெக்டரும் திரையும் மாட்டித் தருகிற ஒரு காண்ட்ராக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன், பிழைப்புக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சுற்றினேன்.

அப்படி ஒரு சித்திரை வெயிலில் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளிக்குப் போனபோதுதான் அவளைப் பார்த்தேன். கோடை விடுமுறை. அவள் அம்மா அங்கே சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்ததால் பள்ளிக்கூடச் சாவி அவர்கள் வீட்டில் இருந்தது. சாவியைக் கொண்டுவந்தவள் கதவைத் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நேராக எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் போய், ஜன்னல் பக்கத்து மூலையில் உட்கார்ந்தாள்.

நான் வடக்குச் சுவரில், கரும்பலகைக்கு வலப்பக்கம், திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் கொடுத்த தாளில் அங்கேதான் மாட்டச் சொல்லியிருந்தது.

"அண்ணே, அந்தச் சொவத்துல வேணாம்."

"ஏம்மா?"

"ஐப்பசி, கார்த்திகைல வெளிய தண்ணி நிக்கும். காலைல வெயில் தண்ணியில பட்டு அந்தச் சொவத்துலதான் வந்து விழும். நான் இதே ரூம்புல எட்டாவது படிச்சவ. கரும்பலகையில வலது பக்கம் பாதி ஒண்ணும் தெரியாது."

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டியே வயல். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாலு ஆடுகள் அறுப்பில் மிஞ்சிய காய்ந்த நெல் தாளைக் கடித்துக்கொண்டிருந்தன.

"ஏம்மா, ஆடு குடிக்கவே தண்ணியக் காணோம். வெளிச்சம் அடிக்கத் தண்ணி எங்கேருந்து வரும்?" என்று சொல்லிவிட்டு ட்ரில்லை எடுத்தேன். நாலு ஓட்டை போட்டேன். திரையை மாட்டி, கூரையின் நடுவில் ப்ரொஜெக்டரைத் தொங்கவிட்டு, செல்போனில் போட்டோ பிடித்து அனுப்பினேன். வேலை முடிந்தது.

ஆறு அறுவடை அந்த மண்ணில் வண்டி ஓட்டியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நெல் அறுக்கிற மெஷின் வயலில் இறங்கும்போது தண்ணீரை வடித்துக் காயவைத்திருப்பார்கள். நான் பார்த்த தஞ்சாவூர்ச் சீமை முழுக்கக் காய்ந்த சீமைதான். நடவு முடிந்து தண்ணீர் நிற்கிற வயல் பக்கத்தில் நான் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை.

அறுப்பு வண்டி ஓட்டியவன் என்று அன்றைக்கு அவர்கள் வீட்டில் டீ குடிக்கும்போது சொன்னேன். அவள் முகம் மாறியது.

"எந்தப் பக்கம் ஓட்டுனீங்க?"

ஊர்களைச் சொன்னேன்.

"அப்ப எங்கம்மா உங்க வண்டிக்கும் மூலை அறுத்திருக்கும்."

விஷயம் இதுதான். மெஷினுக்கு வயலின் மூலை எட்டாது. வண்டி திரும்புகிற இடத்தில் நாலு மூலையிலும் கதிர் அப்படியே நிற்கும். அதை அறுவாள் கொண்டு கையால் அறுக்க வேண்டும். ஒரு காலத்தில் வயல் முழுக்க வரிசை கட்டி அறுத்த பெண்களில் மூணு பேரை மட்டும் மூலைக்காகக் கூப்பிடுவார்கள். அந்த மூணு பேரில் ஒருத்தி அவள் அம்மா. வண்டி வருவதற்கு முன்னாலேயே போய் மூலைகளை அறுத்து, வண்டி திரும்ப இடம் பண்ணி வைத்துவிட்டு, வரப்பில் ஏறி நிற்க வேண்டும்.

"மெஷின் வந்தப்ப எங்க தெருவுல எல்லாரும் வைஞ்சாங்க," என்றாள். "எங்கம்மா வையல. மெஷினு வேகமாத்தான் அறுக்குது, நல்லாத்தான் அறுக்குது, ஆனா மூலை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாதுடி, நாமதான் சொல்லணும்னு சொல்லும்."

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தது. "இவன் வண்டியா? இவன் வண்டின்னா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும். மூலைய மட்டுமா விட்டான், ஓரத்துல ஒரு மொழம் விட்டுட்டுப் போவான். குருட்டு வண்டின்னு பேரு வச்சிருந்தோம்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பெயர் உண்மை என்று எனக்கும் அப்போது தெரியாது.

ஐப்பசி பாதியில் சூப்பர்வைசர் போன் செய்தார். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து புகார், திரை வேலை செய்யவில்லையாம், போய்ப் பார் என்றார். திரை எப்படி வேலை செய்யாமல் போகும், அது துணி என்று நினைத்துக்கொண்டே போனேன்.

காலை பத்து மணி. எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். வடக்குச் சுவரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நடவு முடிந்த வயலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். காற்று அடிக்க அடிக்க, அதில் பட்ட வெயில் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்து திரையின் வலது பாதியில் நெளிந்து நெளிந்து ஆடியது. படம் இடது பக்கம் மங்கலாக இருந்தது. வலது பக்கம் இல்லவே இல்லை. பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்சிக்கு இதே பள்ளிக்கூடத்துக்கு வந்து, சேலை கட்டி, கையில் சாக்பீஸோடு நின்றிருந்தவள் என்னைப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"வாங்கண்ணே. ஆடு தண்ணி குடிக்குது பாருங்க," என்றாள்.

அதற்குமேல் என்னை அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு நேரமும் இல்லை. அந்த வாரம் வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்து, அவள் பாடம் நடத்துவதை வகுப்பு நேரம் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார். அதில் தேறினால்தான் படிப்பு முடியும். இல்லையென்றால் அடுத்த வருஷம் மறுபடி வர வேண்டும். அடுத்த வருஷம் என்பது அவளுக்குக் கிடையாது. வீட்டில் இரண்டு வருஷத்துக்குத்தான் சம்மதம். மூன்றாவது வருஷம் பேச்செடுத்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

அந்தப் பேராசிரியருக்கு அவள்மேல் ஏற்கனவே திருப்தி இல்லை. 'வகுப்பறையில் தொழில்நுட்பம்: என் கருத்து' என்று ஐந்து பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார். இவள் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். அடியில் சிவப்பு மையில், 'தெளிவில்லை. ஆதரவா? எதிர்ப்பா?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நோட்டை என்னிடம் காட்டினாள்.

"ஆதரவா எதிர்ப்பான்னு கேக்குறாரு. நான் என்ன எலெக்‌ஷன்லயா நிக்கிறேன்?"

நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதில் அவள் தன் கதையைத்தான் எழுதியிருந்தாள். அவள் படித்த உயர்நிலைப் பள்ளியில் ஒரே ஒரு மைக்ராஸ்கோப். வெங்காயத் தோலை வைத்து செல் காட்டுவார்கள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொருவராகப் போய் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். இவள் பெயர் பதிவேட்டில் கடைசி. இவள் முறை வரும்போது மணி அடித்துவிடும். இரண்டு வருஷமும் அப்படியே ஆனது. செல்லைப் பார்க்காமலே செல் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கல்லூரிக்குப் போய்த்தான் முதன்முதலில் பார்த்தாளாம். 'ஒரு ப்ரொஜெக்டர் இருந்திருந்தால் ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் பார்த்திருப்போம். அதனால் எனக்கு அது வேண்டும். ஆனால் மாட்டிய பிறகு அது ஐம்பது பேருக்கும் தெரிகிறதா என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆசிரியர்' என்று முடித்திருந்தாள்.

எனக்குப் புரிந்தது. ஏழாவது படித்தவனுக்கே புரிகிறது, இதில் என்ன தெளிவில்லை என்று நினைத்தேன்.

"வியாழக்கிழமை அதே வெங்காயந்தாண்ணே நடத்தப் போறேன்," என்றாள். "பாதிப் பேருக்குத் தெரியாம போச்சுன்னா நான் எழுதுனது எனக்கே பொய்யாயிடும்."

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். திரையை எதிர்ச்சுவருக்கு மாற்ற வேண்டும் என்றேன்.

"ஏம்ப்பா, மாட்டி போட்டோ ஏத்தி, ஆப்புல வேலை முடிஞ்சதுன்னு க்ளோஸ் பண்ணியாச்சு. திரும்பத் தொறக்க முடியாது. ஜன்னலச் சாத்திக்கச் சொல்லு."

ஜன்னலைச் சாத்தினால் முப்பத்தோரு பிள்ளைகளுக்குக் காற்று கிடையாது. ஐப்பசிப் புழுக்கம் என்னவென்று அவருக்குத் தெரியாது. அவர் ஏசியில் இருக்கிறவர். எனக்குச் சுருக்கென்றது. நாலு ஓட்டை போட்டவன் நான். சொல்லியும் கேட்காமல் போட்டவன்.

செவ்வாய்க்கிழமை கொட்டியது. கலெக்டர் பள்ளிகளுக்கு மழை விடுமுறை விட்டார். அம்மாவிடம் சாவி இருந்தது. தலைமை ஆசிரியருக்குப் போனில் சொன்னோம். அவர் நல்லவர், ஆனால் பயந்தவர்.

"கரும்பலகை வடக்க, தெர தெற்க. புள்ளைங்க கழுத்தத் திருப்பித் திருப்பி ஒடிச்சிக்கிறதா?"

"கழுத்தத் திருப்ப வேணாம் சார். பெஞ்சுல இந்தப் பக்கமா கால் போட்டு உக்கார்றத அந்தப் பக்கமா போடணும், அவ்வளவுதான்," என்றாள் இவள். "தெரைல பாடம் நடக்கறப்ப கடைசி பெஞ்சு மொத பெஞ்சாயிடும். கரும்பலகைன்னா மறுபடி மாறிக்கும். எந்தப் புள்ளையும் நாள் முழுக்கக் கடைசி பெஞ்சுல இருக்காது."

அதையே தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம், "எதுவா இருந்தாலும் வியாழக்கிழமைக்குள்ள முடிங்க," என்றார்.

கரண்ட் வந்து வந்து போனது. வந்த நேரத்தில் ட்ரில் போட்டேன், போன நேரத்தில் அம்மா கொடுத்த சுக்குக்காப்பி குடித்தேன். ப்ரொஜெக்டரைக் கழற்றி எதிர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டினேன். தெற்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. தண்ணீர் வெளிச்சம் அந்தச் சுவருக்கு எந்த நேரமும் வராது. புதுப் போட்டோ ஒன்று எடுத்து அனுப்பவும் தேவையில்லை. எந்தச் சுவர் என்றால் என்ன, எல்லாம் ஒரே வெள்ளை.

முடித்ததும் அவள் வழக்கப்படி மூலை பெஞ்சைக் காட்டினாள், இப்போது கடைசியாகிவிட்ட கரும்பலகை ஓரத்து மூலை. ஆனால் தான் உட்காரவில்லை.

"நீங்க உக்காருங்கண்ணே. படிச்சிச் சொல்லுங்க."

திரையில் வெங்காயச் செல்லின் படம். பக்கத்தில் பாகங்களின் பெயர். மேலே பெரிதாக இருந்த தலைப்பைப் படித்தேன். அதற்குக் கீழே உள்ளதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எனக்கு அவ்வளவாப் படிப்பு வராது டீச்சர்."

"நோட்டப் படிச்சீங்களே?"

நான் மறுபடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவள் என்னை இரண்டு பெஞ்சு முன்னால் வந்து உட்காரச் சொன்னாள். பிறகு இன்னும் இரண்டு. அப்படி நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தபோது எழுத்து எழுந்து நின்றது. செல் சுவர், உட்கரு, சைட்டோபிளாசம். தடுமாறாமல் படித்தேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏழாவதுல எங்க உக்காந்திருந்தீங்க?"

"கடைசில. நான் வளத்தி."

"வாத்தியாரு என்ன சொல்வாரு?"

"மண்டைல ஏறாதும்பாரு. எழுதிப் போட்டத எழுதத் தெரியலன்னு முட்டி போடச் சொல்வாரு."

"அண்ணே," என்றாள். "உங்களுக்குப் படிப்பு வராம இல்ல. கண்ணு தெரியல."

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது வயது முப்பத்தாறு. அழுகை எதுவும் வரவில்லை. தேங்காய் உரித்ததும், வண்டிக்கு அடியில் படுத்ததும், பஸ்ஸில் போர்டு தெரியாமல் கண்டக்டர் கூவினால்தான் ஏறுவதும், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. குருட்டு வண்டி. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அது வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றது. "நான் வெளையாட்டுக்குச் சொன்னேம்ப்பா," என்றது.

"பட்டுக்கோட்டையில இலவசமா கண்ணு பாக்குறாங்க. போங்க," என்றாள் மகள். அதற்குமேல் அதைப் பேசவில்லை. இரண்டு பக்கமும் கால் போட இடம் விட்டுப் பெஞ்சுகளை நகர்த்த ஆரம்பித்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

வியாழக்கிழமை மழை விட்டு, வெயில் பளீரென்று அடித்தது. வயலில் தண்ணீர் தளும்பியது. வடக்குச் சுவரில், என் நாலு ஓட்டைகளின் மேல், வெளிச்சம் முன்னைவிட மோசமாக ஆடியது. ப்ரொஜெக்டர் மக்கர் செய்தால் பார்க்க வேண்டும் என்று நான் வராந்தாவில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றேன். உண்மையில் மக்கர் செய்ய அதில் ஒன்றுமில்லை. எனக்குப் போக மனமில்லை, அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியர் பழக்க தோஷத்தில், பேராசிரியருக்கு நாற்காலியைக் கரும்பலகை ஓரமாகப் போட்டு, அதில் துண்டு ஒன்றும் விரித்துவிட்டார். பேராசிரியர் வந்தார். பிள்ளைகள் எழுந்து திரும்பி வணக்கம் சொன்னார்கள். பிறகு எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் முன்னால் முப்பத்தோரு பின்னந்தலை, எண்ணெயும் ரிப்பனும். தலைமை ஆசிரியர் நாற்காலியைத் தூக்கப் பதறி ஓடினார். பேராசிரியர் கையமர்த்தினார்.

எதிர்முனையிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "சார், நீங்க இருக்கிறதுதான் இப்ப கடைசி பெஞ்சு. அங்கேருந்து ஏதாவது தெரியலன்னா சொல்லுங்க சார்."

பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவள் வெங்காயத்தை உரித்தாள். மெல்லிய தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்து, மேலே தன் செல்போனைப் பொருத்தி, அதை ப்ரொஜெக்டரோடு இணைத்தாள். திரையில் முதலில் கலங்கலாக ஏதோ அசைந்தது. பிறகு நிலைத்தது.

"மிஸ்! வயலு மிஸ்!" என்று ஒருவன் கத்தினான். "வரப்பு கட்டியிருக்கு மிஸ்!"

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் நம் வயல்கள் எப்படி இருக்குமோ அப்படி. கட்டம் கட்டமாக, வரப்பு வரப்பாக.

"ஆமா. அந்த வரப்புக்கு என்ன பேருன்னு பாப்போம்," என்று பெயர்களைத் திரையில் போட்டாள். பிள்ளைகள் உரக்கப் படித்தார்கள். அப்போது பின்னாலிருந்து பேராசிரியர், "அந்த எழுத்து எனக்குத் தெரியலயேம்மா," என்றார்.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். இதோ, முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் பாடத்தை நிறுத்தினாள். "நன்றி சார்," என்றாள். "வேற யாருக்கெல்லாம் தெரியல? கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. எழுத்தை இன்னும் பெரிதாக்கவில்லை அவள். காத்திருந்தாள். வகுப்பு நேரம் ஓடிக்கொண்டிருந்தது, பேராசிரியர் கையில் பேனா இருந்தது, அவள் சும்மா நின்றாள். எனக்குத் தெரியும், கை வராது. தெரியவில்லை என்று சொல்கிறவனை முட்டி போட வைப்பார்கள் என்பது எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லாமலே தெரியும். ஏழாவதில் என் கை வந்ததா?

என் கை அதுவாக மேலே போனது. ஸ்க்ரூடிரைவரோடு.

"எனக்குத் தெரியல டீச்சர்."

வகுப்பு மொத்தமும் திரும்பி வாசலைப் பார்த்தது. பிறகு கரும்பலகைப் பக்கத்து மூலையிலிருந்து, சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெண் மெதுவாகக் கையை உயர்த்தினாள். அப்புறம் நடு பெஞ்சில் ஒருவன். அப்புறம் இன்னொருவன்.

"யாரு இவரு?" என்றார் பேராசிரியர்.

"ப்ரொஜெக்டர் மாட்ட வந்தவர் சார், நான் அனுப்பிடுறேன்..." என்று தலைமை ஆசிரியர் எழுந்தார்.

"ஏழாவதுல விட்டுட்டுப் போனவரு சார்," என்றாள் அவள். "இப்பத்தான் திரும்ப வந்திருக்காரு."

எழுத்தைப் பெரிதாக்கினாள். பேராசிரியருக்கும் நடு பெஞ்சுப் பையன்களுக்கும் தெரிந்தது. ரிப்பன் பெண்ணுக்கு அப்போதும் தெரியவில்லை. அவளை எழுப்பிக் கூட்டிவந்து திரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அந்தப் பெண்ணின் நோட்டில், எல்லோர் முன்னாலும், கண்ணைச் சோதிக்க அழைத்துப் போக வேண்டும் என்று அம்மா அப்பாவுக்கு ஒரு குறிப்பு எழுதினாள். நடுவில் நாலைந்து நிமிஷம் போய்விட்டது. மணி அடித்தபோது பாடத்தில் கடைசிப் பகுதி மீதி இருந்தது. அதை நாளைக்கு என்று சொல்லி முடித்தாள்.

பேராசிரியர் எழுந்து, கரும்பலகையிலிருந்து திரை வரைக்கும் அந்த அறையின் நீளத்தை நடந்தார். வடக்குச் சுவரில் ஆடுகிற வெளிச்சத்தையும் நாலு ஓட்டைகளையும் ஒரு முறை பார்த்தார். "உன் நோட்டக் கொண்டா," என்றார்.

அவள் கொண்டுவந்தாள். அவர் ஒன்றரைப் பக்கத்தையும் நின்றுகொண்டே மறுபடி படித்தார். சிவப்பில் தான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

'பார்த்தேன்.'

அவர் கார் போனதும் அம்மா சத்துணவுக் கூடத்திலிருந்து ஓடி வந்தது. "என்னடி, பாஸா, ஃபெயிலா?" என்றது. மகள் நோட்டை நீட்டினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துச் சொன்னேன். "பாத்தேன்னா என்ன அர்த்தம்? பாஸ்னு எழுதத் தெரியாதா அந்த ஆளுக்கு?" என்று அம்மா சண்டைக்கு நின்றது. பாஸ்தான். நல்ல பாஸ். முடிவு வந்த அன்று எனக்குத்தான் முதல் போன் என்று சொன்னாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். இருந்தாலும் அன்றைக்கு நான் ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் நடந்தேன்.

அந்தக் கம்பெனியில் அதற்கப்புறம் ரொம்ப நாள் இல்லை. பட்டுக்கோட்டையில் கண்ணாடி வாங்கினேன். பஸ் வரும்போதே போர்டைப் படிக்க முடிந்ததால், எந்தெந்த ஊருக்கோ போக ஆசை வந்துவிட்டது. இப்போது சோலார் தகடு மாட்டுகிற வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கடைசி அறைக்குப் போய் அங்கே விளக்கு எரியுமா என்று பார்க்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அடுத்த கோடையில் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. அவள் ஊரில் இல்லை, வேலை கிடைத்துப் போய்விட்டாள். இப்போது முழு டீச்சர். அம்மா என் கண்ணாடியைப் பார்த்து, "குருட்டு வண்டிக்கு லைட்டு போட்டாச்சா?" என்று சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தது.

எட்டாம் வகுப்பைத் திறந்தேன். வெளியே வயல் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தெற்குச் சுவரை ஒட்டிய மூலை பெஞ்சில் உட்கார்ந்து எதிரே பார்த்தேன். வடக்குச் சுவரில் என் நாலு ஓட்டைகள் அப்படியே இருந்தன. அடைக்க வேண்டாம் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். அவற்றின் கீழே கறுப்புப் பெயின்ட்டில், ஒவ்வொரு எழுத்தும் கை அகலத்தில், அவள் எழுத்து:

'இங்கே மாட்டாதீர்கள். ஐப்பசியில் தண்ணீர் வெளிச்சம் விழும்.'

அதற்குக் கீழே கொஞ்சம் சிறியதாக இன்னொரு வரி:

'கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மாட்டவும்.'

அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கடைசி எழுத்து வரைக்கும் தெரிந்தது.